மீன் எங்கே பட்டது?

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறி ஒன்று டக், டக் என்று தட்டிக்கொண்டு சுற்றியது. வெளியே கடலை வடை பொரிக்கிற மணம். என் கையில் ஒலிவாங்கி, எதிரே முழு ஊரும். ஒழுக்கவியல் பேராசிரியை ஒருத்திக்கு இதைவிட ஆபத்தான நேரம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாதா கோயில் திருவிழாவுக்காக வைத்த விவாத அரங்கு அது. தலைப்பு, ‘பொய் சொல்லாமல் வாழ முடியுமா?’ மன்னார்த் தீவின் தெற்குக் கரையில், மீன்பிடித்து வாழும் ஊர் ஒன்றில் இப்படியொரு தலைப்பை வைத்தவர் பங்குச் சுவாமி. அவர் மலைநாட்டிலிருந்து புதிதாக வந்தவர், பாவம். நடுவராக இருக்க என்னைக் கேட்டார். பல்கலைக்கழக விடுமுறைக்கு அண்ணன் வீட்டில் வந்து நின்ற நான், அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்றுவிட்டேன்.

‘முடியாது’ என்று பேசிய அணிக்குத்தான் கைதட்டல் அதிகம். நானோ ‘முடியும்’ என்று தீர்ப்புச் சொல்ல முடிவெடுத்திருந்தேன். அதற்கு ஒரு உதாரணம் தேவைப்பட்டது. நல்ல உதாரணம் என்றால் கிட்டத்தில் இருக்கவேண்டும், கேட்பவர்களுக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும், அதில் பெயரும் இடமும் இருக்கவேண்டும் என்று என் மாணவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். அன்றைக்கு அப்படியொன்று எனக்கு வாய்த்தது.

“எனது சொந்த அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள்,” என்று தொடங்கினேன். “கரைக்கு வந்ததும், மீன் எங்கே பட்டது என்று கேட்கிறார்கள். கிழக்கே என்கிறார். உண்மையில் அவர் போவது மேற்கே.” அதோடு நிறுத்தியிருக்கலாம். மேற்கே எவ்வளவு தூரம் என்றும் சொன்னேன். கரையிலுள்ள எந்த இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தால் அந்த இடத்துக்கு நேர்மேலே நிற்கிறோம் என்பதையும் கையை நீட்டிக் காட்டினேன். “இந்தச் சின்னப் பொய் தேவைதானா, சொல்லுங்கள்!”

கடைசி வரிசையில் செபமாலைச் சம்மாட்டி, நாலு வள்ளங்களின் சொந்தக்காரர், பக்கத்திலிருந்தவருடைய சட்டைப் பையிலிருந்து பேனையை உருவி உள்ளங்கையில் எதையோ எழுதினார். என் அண்ணன் சூசை, கதவோரக் கதிரையிலிருந்து எழும்பி, சாரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

அண்ணன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

பொய்யோடு எனக்கிருந்த பகை

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் துறை மெய்யியல். அதற்குள் ஒழுக்கவியல். அதற்குள்ளும் குறிப்பாகப் பொய்.

எங்கள் வீட்டில் இதை ஒரு படிப்பு என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. உயர்தரத்தில் நான் அளவையியல், அதாவது தர்க்கம், எடுத்தபோது, “வாய்காட்டுறதுக்கும் ஒரு சோதினையோ?” என்று அம்மா கேட்டார். கம்பசுக்குத் தெரிவாகி, மெய்யியல் படிக்கப் போகிறேன் என்றதும், அதை முடித்தால் என்ன வேலை என்று கேட்டார். மற்றவர்களுக்கு மெய்யியல் படிப்பிக்கிற வேலை என்றேன். அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கலாநிதிப் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வு முந்நூறு பக்கம். எந்த நிலையிலும், எவருக்கும், எதற்காகவும் பொய் சொல்லக்கூடாது என்பதே அதன் சாரம். வாய்மொழித் தேர்வில் ஒரு பரீட்சகர், எங்கள் துறையின் பழைய கேள்வியைக் கேட்டார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பர் எங்கே என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பொய் சொல்லமாட்டேன், வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றேன். பட்டம் தந்தார்கள்.

பிறகு நான் அப்படியே வாழவும் தொடங்கினேன், அதுதான் என் பிழை. கலியாண வீடொன்றில் மணப்பொம்பிளையின் தாய் சாப்பாடு எப்படி என்று கேட்க, சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று சொன்னேன். அந்தக் குடும்பம் இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

தேர்தல் காலங்களில் தொலைக்காட்சி விவாதங்களுக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை, அரசியல்வாதி பொய் சொல்லலாமா என்று தலைப்பு. எனக்குப் பக்கத்தில் ஒரு வேட்பாளர். நான் மேசையில் தட்டித் தட்டிப் பேசினேன். விளம்பர இடைவேளை வந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“மிஸ், நீங்கள் சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. ஆனா நான் உள்ளதைச் சொன்னா, என்ர மனுசியே எனக்கு வோட்டுப் போடமாட்டா.”

நான் சந்தித்த அரசியல்வாதிகளில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். விளம்பரம் முடிந்ததும் அவரும் பழையபடி தொடங்கிவிட்டார்.

இப்படியாக ஊரில் எனக்கு ஒரு பெயர் நிலைத்தது. ரீற்றா மிஸ் பொய் சொல்லமாட்டா. ஊருக்கு அதில் பெருமையும் இருந்தது, என்னைக் கலியாணங்களுக்குக் கூப்பிடுவதில் கொஞ்சம் தயக்கமும் இருந்தது.

அடுத்த நாள் காலை

கடலுக்கடியில் கல்லும் பவளமுமாகக் கிடக்கும் திட்டை எங்கள் பக்கத்தில் பார் என்பார்கள். அதில்தான் கலவாயும் விளைமீனும் அண்டியிருக்கும். கரைக்குக் கிட்ட இருக்கும் நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதை வாயால் சொல்லமாட்டான். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜீபிஎஸ் இருக்கிறது. அண்ணனோ அதை யாரும் அமத்திப் பார்க்கலாம் என்று தன் பாரை மண்டைக்குள்ளேயே வைத்திருந்தார். முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு நான் வந்து நின்றபோது என்னை வள்ளத்தில் ஏற்றிப்போய் அதைக் காட்டினார். “நீ கடலுக்குப் போறவளே? ஆருக்குச் சொல்லப்போறாய்?” என்று சிரித்தார்.

திங்கள் காலை கரைக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கே, அந்தப் பாருக்கு மேலே, பதினாறு பதினேழு வள்ளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. திருவிழாச் சந்தைபோல இருந்தது.

அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தார். பெட்டியில் இரண்டு பாரைமீன், அவ்வளவுதான். அன்றைக்கு அவரிடம் மீன் எங்கே பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணனின் மனைவி பிலோமினா மச்சாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா: “நான் உனக்கொண்டும் சொல்லேல்லை ரீற்றா. நீ படிச்சனீ. ஆனா உன்ர அண்ணைக்கு இடுப்பு ஒப்பரேசன் செய்தது உனக்குத் தெரியும். தூரக் கடலுக்குப் போகக்கூடாதெண்டு டொக்டர் சொன்னதும் தெரியும். அந்தப் பார் கிட்டத்தில இருந்தபடியாத்தான் மனுசன் இந்த வயசிலயும் கடலுக்குப் போனது.”

அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஒரு உதாரணத்துக்காக, என் அண்ணன் கடலுக்குப் போவதையே நான் கெடுத்திருந்தேன். முற்றத்தில் தூண்டிலுக்குத் தங்கூசி நூல் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனேன்.

“அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“ஏன்? நீ பொய் சொன்னனியோ?”

“இல்லை.”

“உள்ளதைத்தானே சொன்னனீ. பிறகென்ன மன்னிப்பு?”

திரும்பவும் நூலைக் கட்டத் தொடங்கினார். இந்தத் துறையில் எனக்கு எதிராக எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் இவ்வளவு வலிக்கவில்லை.

வாய்மூடி இருப்பது எப்படி

ஒரு கிழமை அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. ‘அவ சாப்பிட்டாவோ?’ என்று மச்சாளிடம் கேட்பார். நான் அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒருநாள் காலை, தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இப்ப நான் மேற்க போறேல்லை, பிள்ளை. கிழக்கால ஒரு பார் கண்டனான். அங்கதான் போறன்,” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்னைத் திரும்பவும் நம்புகிறார்! இந்த முறை தலை போனாலும் வாய் திறப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்தேன்.

அன்று பின்னேரமே செபமாலைச் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். மூன்றாம் வகுப்பில் என் கணக்கைப் பார்த்து எழுதியவர், இப்போது என்னை மிஸ் என்கிறார். கதிரையில் வசதியாக உட்கார்ந்தார்.

“மிஸ், சூசையண்ணை இப்ப எந்தப் பக்கம் போறார்?”

“நான் சொல்லமாட்டன்.”

“சொல்லவேண்டாம். உங்களை நான் கஷ்டப்படுத்தேல்லை. மேற்கயோ?”

பேசாமல் அவரை நேரே பார்த்தேன்.

“நேர தெற்கயோ?”

பேசாமல் அவரை நேரே பார்த்தேன்.

“கிழக்கயோ?”

பேசாமல் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

“சரி மிஸ், நான் வாறன். தேத்தண்ணி வேண்டாம்,” என்று எழும்பிவிட்டார்.

வாய்மூடி இருப்பதற்கு முகமும் ஒத்துழைக்கவேண்டும் என்பதை எந்தப் பரீட்சகரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடுத்த நாள் வள்ளங்களெல்லாம் கிழக்கே போயின. அங்கே பாரும் இல்லை, மீனும் இல்லை. வலை நிறையச் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் ஏற, கையெல்லாம் தடித்துச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். மேற்கே, தன் பழைய பாரில், அண்ணன் தனியாக நின்று இரண்டு நாள் பெட்டி பெட்டியாக இழுத்தார்.

“கிழக்கே எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“அப்ப என்னை ஏமாத்தினியள்.”

“உனக்குச் சொன்னா ஊருக்குத் தெரியும்,” என்றார் அண்ணன், மீனைத் தரம் பிரித்தபடி. “எனக்கு ஊருக்கு ஒண்டு சொல்லவேண்டி இருந்தது. உன்னட்டைச் சொன்னன். நல்லா வேலை செய்யிறாய்.”

மச்சாள் சிரித்தா. நானும் சிரித்துவைத்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன். கரையில் நிற்கிற எவனோ ஒருவனுக்குச் சொல்லும் பொய்யை அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கும்போதுகூட, விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டே கையை விட்டவர் அவர்.

செபமாலை என்னைக் கோயில் வாசலில் கண்டபோது கோபிக்கவில்லை. “உங்களில பிழை இல்லை மிஸ்,” என்றார், கையைச் சொறிந்துகொண்டே. “உங்களுக்கு வந்த தகவல்தான் பிழை.”

அண்ணன் என்னைக் கூப்பிட்டார்

அதற்குப் பிறகு வள்ளங்கள் மேற்குக்கே திரும்பின. பத்து நாளில் அந்தப் பாரில் பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணனோடு வழக்கமாகக் கடலுக்குப் போகிற சந்தியோகு, அவருக்கும் குடும்பம் இருக்கிறது, செபமாலையின் வள்ளத்துக்கு மாறிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் வீட்டில் இருந்தார். கடல் நல்லாயிருக்கும் நாளில் அவர் வீட்டில் இருந்து நான் கண்டதில்லை.

“வள்ளத்தை விக்கிற கதை கதைக்கிறார்,” என்று மச்சாள் மெல்லச் சொன்னா.

மூன்றாம் நாள் விடிய, வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

“கடலுக்கு வாறியோ?”

“நானோ?”

“தனியப் போகேலாது. இடுப்புப் பிடிச்சா நங்கூரம் இழுக்க ஆள் வேணும்.”

“அண்ணை, நான் போய்ச் சொல்லிப்போட்டா?”

“வேறை ஆர் இருக்கினம்?” என்றார். பாசத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே வேறு ஆள் இருக்கவில்லை.

மச்சாளின் பழைய சட்டைக்கு மேல் மிதப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நான் வள்ளத்தில் ஏறினேன். ஏறினேன் என்பது பெரிய சொல். இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள்.

அண்ணன் நேரே போகாமல் சுற்றி வளைத்து ஓட்டினார். வேறு வள்ளம் கண்ணில் படாத இடத்தில், கரையைத் திரும்பிப் பார்த்து, இஞ்சினை நிறுத்தினார். “இது மச்சாளுக்கும் தெரியாது. எழும்ப ஏலாத காலத்துக்கெண்டு வைச்சிருந்தனான்,” என்றார். சின்னப் பார்தான். தூண்டிலை விட்ட கொஞ்ச நேரத்தில் கையைப் பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி ஒரு கலவாய் இழுத்தது.

நான் என் தொழிலை அங்கேயும் விடவில்லை.

“அண்ணை, கரையில எல்லாரும் பொய்தான் சொல்லுவினமெண்டு எல்லாருக்கும் தெரியும். பிறகேன் எங்க பட்டதெண்டு கேக்கினம்?”

“கடலால வாறவனை ஒண்டும் கேக்காமல் விடுறதோ? மரியாதை இல்லையே.”

“காத்து எப்பிடியெண்டு கேட்டா?”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ கெட்டவார்த்தை சொன்னதுபோல இருந்தது அந்தப் பார்வை. “காத்தைப் பற்றி ஆரும் பொய் சொல்லுவினமோ? ஆள் சாகும்.”

“ஆள் ஒண்டு திரும்பி வரேல்லையெண்டு தேடினா?”

“அப்ப, கடைசியா எங்க கண்டதெண்டு உள்ளதைச் சொல்லத்தான் வேணும். பார் போனாலும் சொல்லத்தான் வேணும்.” தூண்டிலுக்கு இரை குத்தியபடி, “செபமாலையின்ர தம்பி ஒருக்கா இஞ்சின் பழுதாகி என்ர பாருக்குக் கிட்டக் கிடந்தவன். நான்தான் இடம் சொன்னனான். அதில எனக்கொரு பார் போச்சுது,” என்றார்.

அதை அவர் அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. எதில் பொய் சொல்லலாம், எதில் உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்று இந்த ஊர் முழுவதற்கும் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. முந்நூறு பக்கம் எழுதிய எனக்கு அதில் ஒரு பக்கமும் தெரிந்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கரையில்

திரும்பி வரும்போது பெட்டியில் நாலு கலவாய், மீதி நிறைய விளைமீன். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சந்தியோகு அண்ணனின் கண்ணில் படாமல் பின்னால் நின்றார். அண்ணனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செபமாலை பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

“மிஸ், எங்க பட்டது?”

அண்ணன் குனிந்து நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடிந்த பிறகும் நிமிரவில்லை. இது போனால் அவருக்கு இனிக் கடல் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

பேசாமல் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு இடத்தின் பெயர் வேண்டும். உடனே வேண்டும். அடுத்த நாள் நான் திரும்பிப் போகவேண்டிய பஸ்தான் மண்டைக்குள் ஓடியது.

“முருங்கன் பக்கம்,” என்றேன்.

முருங்கன் மன்னார்த் தீவிலேயே இல்லை. பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த சந்தி அது. அங்கே நெல் வாங்கலாம், பஸ் ஏறலாம். கலவாய் பிடிக்க முடியாது.

ஒருவரும் சிரிக்கவில்லை. செபமாலை என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார்.

“அப்பிடியோ மிஸ். நல்லது. அங்க இப்ப நல்ல மீனெண்டுதான் நானும் கேள்விப்பட்டனான்.”

திரும்பி நடந்தார். பத்தடி போனதும் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. சந்தியோகு மணலிலேயே குந்திவிட்டார். எனக்குக் காது வரை சுட்டது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் இருந்ததில்லை, அதை ஏன் மறைக்கவேண்டும்?

அண்ணன் நிமிர்ந்து கண்ணைத் துடைத்தார். சிரித்ததாலோ என்னவோ எனக்குத் தெரியாது.

“பொய் சொல்லவும் படிக்கவேணும், பிள்ளை,” என்றார். வள்ள விளிம்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாளைக்குப் பஸ்ஸை விடு. காத்து நல்லாயிருக்கு. இன்னொரு இடம் இருக்கு, போவம். எங்கயெண்டு சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ.”

காதுக்குக் கிட்ட வந்து சொன்னார். இரண்டு அடையாளங்களையும் சொன்னார். அடுத்த நாள் போனோம். சொன்னபடியே இருந்தது.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர் யாரும் அது எங்கே என்று கேட்டுக் கடிதம் போடவேண்டாம். முருங்கன் பக்கம்தான்.